ஈசாக்கின் கூடாரத்தில் கேட்ட குரல்



தியானப் பகுதி: ஆதியாகமம் 27-ம் அதிகாரம்.

தகப்பனுக்குக் கண் தெரியாது. மூத்த மகனை ஆசீர்வதிக்க விரும்புகிறார். இளையவன் அண்ணனுடைய வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு, கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு, தாய் சமைத்துக் கொடுத்த கறியோடு கூடாரத்துக்குள் வருகிறான். ஈசாக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காது ஒன்று சொல்லுகிறது, கை வேறொன்று சொல்லுகிறது. கடைசியில் அவர் கையை நம்பினார், வஸ்திரத்தின் வாசனையை நம்பினார், ருசியை நம்பினார். கவனியுங்கள்! காது மட்டும்தான் அன்றைக்குச் சரியாகச் சொன்னது. குரலை மட்டும் யாக்கோபினால் மாற்ற முடியவில்லை.

பிரியமானவர்களே, இன்றைக்குக் காரியம் தலைகீழாகிவிட்டது. தொட்டுப் பார்க்கக் கை இல்லை, முகர்ந்து பார்க்க வஸ்திரம் இல்லை. போனில் குரல் மட்டும் வருகிறது. அந்தக் குரலும் ஏசாவின் குரலைப் போலவே இருக்கிறது! இந்த நாட்களில் நாம் எதை நம்புவது?

செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ. என்று வீட்டுக்கு வீடு பேசுகிறார்களே, அதைப் பற்றி எழுதும்படி விசுவாசிகள் பலர் கேட்டார்கள். ஒரு தாயார், "பாஸ்டர், இது கர்த்தருடையதா, சத்துருவுடையதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்கள். ஒரே வார்த்தையில் சொல்லக் கூடுமானால் துண்டுப்பிரதியே போதுமே!

நான் வாலிபனாயிருந்த 1990-களில், கடைச் சாமான்களில் அச்சடித்திருக்கும் பார்கோடுதான் 666 என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இன்று அதே கோடு சில வேதாகமங்களின் பின்னட்டையிலும் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ம் அதிகாரம் பேசுகிற ஒரு சொரூபத்தைப் பற்றிச் சொல்லுவது உண்மை, அந்த நாள் வரும் என்பதும் உண்மை. ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால், நிஜமான ஆபத்து வாசலுக்கு வரும்போது நம் எச்சரிப்பை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையிலிருக்கும் போனை நிதானித்துப் பார்ப்போம்.

இது என்ன? மனிதர் எழுதிய ஏராளமான பக்கங்களையும் படங்களையும் குரல்களையும் பெரிய கணினிகளுக்குக் கொடுத்து, அவைகளிலுள்ள ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும்படி பழக்குகிறார்கள். கேள்வி கேட்டால், எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரக்கூடும் என்று கணக்குப் போட்டு, வார்த்தை மேல் வார்த்தையாக அடுக்கிப் பதில் கொடுக்கிறது. 2022 நவம்பர் 30-ம் தேதி சாட் ஜிபிடி வெளிவந்த பிறகுதான் ஜனங்கள் இதைப் பற்றி அதிகமாய்ப் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்கு முன்னமே, யூடியூபில் அடுத்து எந்த வீடியோ வர வேண்டும் என்பதை இந்த வகை இயந்திரம்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

வாரநாட்களில் நான் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். கணக்குப் பாஷையில் சொல்லட்டுமா? இந்த இயந்திரம் பேரேட்டை வெகு அழகாக எழுதும். ஆனால் கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்க்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1. பெசலெயேலின் கைவேலை

யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற ஒரு கைவேலைக்காரனைக் கர்த்தர் பேர்சொல்லி அழைக்கிறார். பொன், வெள்ளி, கல், மரம் இவற்றில் வேலை செய்யும் திறமையும் ஆவியானவர் தந்த ஈவுதான் என்று அங்கே காண்கிறோம். மனிதனுக்கு வந்த எந்த நல்ல அறிவும் தேவனுக்குத் தெரியாமல் வரவில்லை. ஆகவே இதிலுள்ள நன்மையை முதலாவது சொல்லிவிடுகிறேன்.

நம் சபைகளில் வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். அந்த வியாதி கண்ணின் விழித்திரையை வலியே இல்லாமல் அரித்துவிடும். பார்வை மங்கி டாக்டரிடம் போகும்போது பாதி போயிருக்கும். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை ஒரு இயந்திரத்துக்குக் காட்டிப் பழக்கி, அதன் முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். அந்த முடிவு 2019-ல் வந்தது. படம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு இணையாகவே இயந்திரமும் நோயைக் கண்டுபிடித்தது. கண் டாக்டர் இல்லாத ஊரிலும், ஒரு கேமராவைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தால், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு தகப்பனுடைய பார்வை தப்புமானால் அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

பார்வையில்லாத சகோதரர்கள் ரூபாய் நோட்டை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020-ல் 'மணி' என்ற செயலியைக் கொடுத்தது. நோட்டை போனுக்கு முன் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லிவிடும். மாத்திரை அட்டையையும் பஸ் போர்டையும் வாசித்துக் காட்டுகிற செயலிகளும் இப்போது இருக்கின்றன. புரோட்டீன்களின் உருவத்தைக் கணிக்கும் இயந்திரத்தைச் செய்ததற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் என்கிற இருவருக்கும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புதிய மருந்து தேடுகிறவர்களுக்கு அது பெரிய ஒத்தாசை.

இதெல்லாம் நன்மை. நன்மையை நன்மை என்று சொல்லாதவன், தீமையைத் தீமை என்று சொல்லும்போதும் நம்பப்படமாட்டான்.

2. சங்கிலியை முடிந்துகொண்டு புறப்பட்ட தாய்

எங்கள் சபையில் ஒரு தாயார். மகன் வெளிநாட்டில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை காலை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "அம்மா, நான்தான். ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, போலீஸ் பிடிச்சு வச்சிருக்காங்க. ஒரு லட்சம் உடனே அனுப்பணும். யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா." மகனுடைய குரல். மகனுடைய அழுகை. தாயார் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் புறப்பட்டார்கள்.

போகிற வழியில்தான் சபை. உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முழங்கால் போட்டுட்டுப் போயிடலாம் என்று உள்ளே வந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "என்னம்மா, முகமே சரியில்லையே?" என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். அந்த அக்கா, "சரி, ஜெபிப்போம். அதுக்கு முன்னாடி தம்பியோட பழைய நம்பருக்கு ஒரு போன் போடுங்க" என்றார்கள். ஐந்தாவது மணியில் மகன் எடுத்தான். "என்னம்மா இந்த நேரத்துல? நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தேன்." அந்தத் தாயார் போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அல்லேலூயா!

இப்படியும் குரலைச் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்களா? 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள், ஒருவருடைய குரல் மூன்றே விநாடி கிடைத்தால் அதே குரலில் வேறு வார்த்தைகளைப் பேச வைக்கலாம் என்று காட்டினார்கள். நம் பிள்ளைகள் ஸ்டேட்டஸில் போடும் வீடியோ மூன்று விநாடியைவிட நீளமானதுதானே! குரல் மட்டுமல்ல, முகமும் வருகிறது. 2024-ல் ஹாங்காங்கில் ஒரு கம்பெனி ஊழியர், மேலதிகாரிகளோடு வீடியோவில் கூட்டம் நடக்கிறது என்று நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவர் பார்த்த முகங்கள் எல்லாம் போலி.

மறுபடியும் ஈசாக்கினிடத்துக்கு வாருங்கள். இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று ஈசாக்கே கேட்டாரே! அவசரம்தான் வஞ்சகத்தின் முதல் அடையாளம். ஆனால் அவர் யாரிடம் விசாரித்தார்? எதிரே நின்றவனிடமே விசாரித்தார். வெளியே ஒரு வேலைக்காரனை அனுப்பி, "ஏசா வந்துவிட்டானா?" என்று கேட்டிருந்தால் காரியம் வேறு. "யார்கிட்டயும் சொல்லாதே" என்கிற வார்த்தை வந்தால், தேவபிள்ளையே, அங்கேயே நின்றுவிடு. இருட்டில் வைக்கச் சொல்லுகிற காரியத்தை வெளிச்சத்தில் கொண்டுவா.

நியாயாதிபதிகள் 12-ம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லி ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஷிபோலேத் என்று சொல்ல வராதவன் மாட்டிக்கொண்டான். அங்கே அது கொல்லுவதற்குப் பயன்பட்டது. நாம் அதைக் காப்பதற்குப் பயன்படுத்துவோம். இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் இவைகளைப் பேசி முடிவுசெய்யுங்கள்:

உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள். அதை போனில் எழுதி வைக்க வேண்டாம். பணம் கேட்டு யார் போன் செய்தாலும் அந்த வார்த்தையைக் கேளுங்கள்.

போனை வைத்துவிட்டு, உங்களிடமுள்ள பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பணம் அனுப்புமுன் இன்னொரு ஆளிடம் சொல்லுங்கள். வங்கி ஓ.டி.பி. எண்ணை ஒருவருக்கும் சொல்லாதிருங்கள்.

ஏமாந்துபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற எண் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

3. எசேக்கியேல் 37-ல் இல்லாத வசனம்

வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி செய்தி கொடுத்தான். உலர்ந்த எலும்புகள் என்பது தலைப்பு. நல்ல ஓட்டம், நல்ல வார்த்தைகள். நடுவில் எசேக்கியேல் 37:31 என்று சொல்லி ஒரு வசனத்தை வாசித்தான். கேட்க மிகவும் இனிமையாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "தம்பி, என் பைபிள்ல முப்பத்தேழாம் அதிகாரம் இருபத்தெட்டோட முடிஞ்சிடுதே, உன் பைபிள்ல கூட மூணு இருக்கா?" கூட்டம் சிரித்துவிட்டது. தம்பி போனைப் பார்த்தான், வேதத்தைப் பார்த்தான், முகம் சிவந்துபோனான். செய்தியை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியிருந்தான்.

அந்தத் தம்பியை யாரும் கடிந்துகொள்ளவில்லை. இப்போது அவனே மற்ற வாலிபருக்குச் சொல்லுகிறான்: "கேளு, ஆனா திறந்து பாரு."

இந்த இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது? பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. மெய் சொல்ல வேண்டும் என்ற பயமும் அதற்கு இல்லை. வசனம் எப்படி ஒலிக்கும் என்று அதற்குத் தெரியும். வசனம் இருக்கிறதா என்று பார்க்காமலே சொல்லிவிடும். இப்போது சில செயலிகள் இணையத்தில் தேடிப் பார்த்தும் பதில் கொடுக்கின்றன. அப்போதும் தவறு வரத்தான் செய்கிறது.

படித்தவர்களே விழுந்திருக்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட் ஜிபிடி கொடுத்த முன் தீர்ப்புகளைச் சரிபாராமல் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடக்கவில்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இயந்திரத்துக்கு அபராதம் இல்லை, கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான். இதை நன்றாகக் கவனியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளிலும் அப்படித்தான். "போன் சொன்னதே, ஆண்டவரே" என்று நாம் சொல்ல முடியாது.

பெரோயா பட்டணத்தாரை நினைத்துப் பாருங்கள் (அப்போஸ்தலர் 17). பிரசங்கம் பண்ணினவர் சாதாரண ஆளா? பவுல் அப்போஸ்தலன்! அவர் சொன்னதையே தினமும் வேதத்தை வைத்து ஆராய்ந்து பார்த்தார்கள். வேதம் அதற்காக அவர்களை மெச்சுகிறது. பவுலையே சரிபார்த்தார்கள் என்றால் ஒரு செயலியை எவ்வளவு அதிகமாய்ச் சரிபார்க்க வேண்டும்! வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் ஒவ்வொரு வசனத்தையும் தேடுவோம். ஒரு வசனத்தைத் தேடப் போய் ஒன்பது வசனம் மனதில் தங்கிவிடும். சீக்கிரம் கிடைக்கிற பதிலில் அந்த ஒன்பது இல்லை.

மருந்து விஷயத்திலும் அப்படியே. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைக் கேட்கலாம். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

4. ஆகாபின் நானூறு பேர்

1 இராஜாக்கள் 22-ம் அதிகாரத்தில் ஆகாப் ராஜா யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்கிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் போகச் சொல்லுகிறார்கள். ராஜாவின் மனதில் இருந்ததைக் கண்டுகொண்டு அதையே திருப்பிச் சொன்னார்கள். மிகாயா ஒருவன்தான் உண்மையைச் சொன்னான். அவனைச் சிறையில் போட்டார்கள். ஆகாப் யுத்தத்துக்குப் போனான், திரும்பி உயிரோடு வரவில்லை.

இந்த அரட்டை இயந்திரங்களுக்கும் அந்த நானூறு பேருடைய குணம் உண்டு. மனிதர் விரும்புகிற பதிலைக் கொடுக்கும்படி பழக்கப்பட்டிருப்பதால் முகஸ்துதி பண்ணுகிறது. 2025 ஏப்ரலில், சாட் ஜிபிடியைச் செய்த ஓபன் ஏ.ஐ. நிறுவனமே, தங்கள் புதிய பதிப்பு அளவுக்கு மிஞ்சி முகஸ்துதி பண்ணுகிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கணவனோடு சண்டை போட்டுவிட்டு இதனிடம் கேட்டால், உங்கள் பக்கத்து நியாயத்தை மட்டும் கேட்டு, உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லக்கூடும். மறுபக்கம் விசாரிக்க அது உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

இதைவிடப் பாரமான காரியம் ஒன்று. எங்கள் சபையில் ஒரு இளம் சகோதரி. தகப்பனார் மரித்து எட்டு மாதம். பகலில் அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பாள். இரவில் தூக்கம் வராது. போனில் ஏ.ஐ.யோடு பேசிக்கொண்டிருப்பாள். தாய்க்குத் தெரியாது. ஒரு நாள் என்னிடத்திலும் என் மனைவியினிடத்திலும் சொன்னாள்: "அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா ஞாபகம் வந்தா யாரை எழுப்புறது? அம்மாவே இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்காங்க. இதுன்னா யாரும் முழிச்சுக்க வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் சலிச்சுக்காது."

பிரியமானவர்களே, இதைக் கேட்டு அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. துக்கப்படுகிறவளுக்கு ஒரு காது வேண்டும். அந்தக் காது எங்கே கிடைக்கிறதோ அங்கே போவாள். 2024-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன், மாதக்கணக்காக ஒரு அரட்டை இயந்திரத்தோடு பேசிப் பழகி, பின்பு தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தத் தாய் அந்தக் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் அறையில் இரவு விளக்கு ஏன் எரிகிறது என்று பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

இயந்திரம் சலித்துக்கொள்ளாது, உண்மைதான். ஏனென்றால் அது சுமப்பதில்லை. சுமக்கிறவன்தான் சலிப்பான். லாசருவின் கல்லறைக்கு நம் ஆண்டவர் போகுமுன் (யோவான் 11), சில நிமிஷத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார்! அந்தக் கண்ணீரை எந்தக் கணினியிலும் செய்ய முடியாது. நம்முடைய பிரதான ஆசாரியர் நம் பலவீனத்தை அறிந்தவர், தாமே பாடுபட்டவர். ஆனால் அவருடைய ஆறுதல் அநேக வேளைகளில் ஒரு மனிதருடைய கையின் வழியாகவே வருகிறது.

அந்த வாரமே சபையில் மூன்று சகோதரிகள் முன்வந்தார்கள். இரவு எந்த மணிக்கும் எங்கள் நம்பருக்குக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை முதல் வாரம் கூப்பிடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு இரவு இரண்டரை மணிக்குக் கூப்பிட்டாள். போனை எடுத்த சகோதரி பிரசங்கம் பண்ணவில்லை. "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார்களாம். விடியும்வரை பேசினார்களாம். சபையே, உன் போனும் அந்த நேரத்தில் எடுக்கப்படுமா?

இன்னொரு எச்சரிப்பு. ஊழியக்காரரே, விசுவாசிகள் அழுது சொன்ன இரகசியங்களைப் பேரோடும் ஊரோடும் இந்தச் செயலிகளில் எழுதி ஆலோசனை கேட்காதிருங்கள். நீங்கள் எழுதுவது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது.

5. கொல்லன் இல்லாத தேசம்

1 சாமுவேல் 13-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். இஸ்ரவேல் தேசமெங்கும் ஒரு கொல்லன் இல்லை. மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டப் பெலிஸ்தரிடத்துக்குப் போக வேண்டும். காசு கொடுத்தால் தீட்டிக் கொடுத்தார்கள். பயிர் விளைந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. யுத்த நாள் வந்தபோதுதான் தெரிந்தது: சவுலையும் யோனத்தானையும் தவிர ஒருவன் கையிலும் பட்டயமில்லை!

பிள்ளைகளை உடைய பெற்றோரே, வீட்டுப்பாடத்தை ஏ.ஐ. எழுதிக் கொடுக்கிறது. மதிப்பெண்ணும் வருகிறது. இன்றைக்குக் குறை தெரியாது. பரீட்சை அறையில் போன் இல்லாமல் உட்காரும் நாளில், நேர்முகத் தேர்வில் ஒருவன் கேள்வி கேட்கும் நாளில், பட்டயம் இல்லை என்று தெரியும். எழுதி எழுதித்தான் புத்தி கூர்மையாகிறது. தமிழ்வழியில் படிக்கிற நம் பிள்ளைக்கு ஒரு கணக்குப் புரியவில்லை என்றால், பத்துத் தடவை வேறு வேறு விதமாக விளக்கிச் சொல்ல இந்த இயந்திரத்தைக் கேட்கலாம். டியூஷனுக்குப் பணம் இல்லாத வீட்டுக்கு அது உதவிதான். ஆனால் விடையைப் பிள்ளையே போட வேண்டும். இதை நான் எங்கள் வீட்டில் இப்படி வைத்திருக்கிறேன்: முதலில் நோட்டு, பிறகு போன். நோட்டில் தன் கையால் முயன்ற பிறகுதான் போனில் கேட்கலாம்.

6. கூலிக்காரனுடைய கூக்குரல்

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. எங்கள் பகுதியில் போஸ்டர் டிசைன் செய்து பிழைக்கிற ஒரு வாலிபன் சொன்னான்: "பாஸ்டர், போன வருஷம் வரைக்கும் கன்வென்ஷன் போஸ்டர் எல்லாம் என்கிட்டதான் வரும். இப்ப அவங்களே ஏ.ஐ.ல போட்டுக்கிறாங்க. நம்ம சபைக்காரங்களே." ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அது ஒரு வீட்டின் அரிசிக் காசு. புதியது வருவதை நாம் தடுக்க முடியாது. அந்தத் தம்பிக்கும் இந்தப் புதிய கருவியைக் கற்றுக்கொள் என்றுதான் சொன்னேன், கற்றுக்கொண்டிருக்கிறான். ஆனால் விசுவாச வீட்டாருக்கு நன்மை செய்யக் கடமைப்பட்டவர்கள் நாம். சபை வேலையை அவனிடமே கொடுத்தோம். அவன் அதை ஏ.ஐ.யை வைத்துச் செய்யட்டும், கூலி அவன் வீட்டுக்குப் போகட்டும்.

இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்கிறது என்கிறார்களே, அதற்குப் பின்னாலும் மனிதர் இருக்கிறார்கள். அசுத்தமான, கொடூரமான எழுத்துகளைச் சாட் ஜிபிடி கக்காதிருக்க, அப்படிப்பட்டவைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் குறித்துக் கொடுத்தவர்கள் கென்யா தேசத்து வேலைக்காரர்கள். மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலி என்று 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியது. நமக்குச் சுத்தமான பதில் வருவதற்காக அவர்கள் அழுக்கைச் சுமந்தார்கள். கூலிக்காரனுடைய கூக்குரல் யாருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4-ல் வாசித்துப் பாருங்கள். விலையில்லாமல் கிடைப்பதாகத் தோன்றும் எதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

7. மாம்சம் உண்டாயிற்று, சுவாசம் எங்கே?

2023 ஜூனில் ஜெர்மனி தேசத்து ஃபூர்த் பட்டணத்தில் ஒரு சபையில் ஆராதனை நடந்தது. 300-க்கும் அதிகமானோர் கூடினார்கள். சுமார் 40 நிமிஷம். பிரசங்கமும் ஜெபமும் ஏறக்குறைய முழுவதும் சாட் ஜிபிடி எழுதியவை. திரையில் உருவங்கள் தோன்றிப் பேசின. நம் ஊரிலும் சனிக்கிழமை இரவு பிரசங்கத்தைப் போனில் இறக்குமதி செய்வது தொடங்கிவிட்டது.

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்தின் பெயர், ஒரு சரித்திரக் குறிப்பு, ஒரு மொழிபெயர்ப்பு, இவைகளுக்குக் கேட்டு, சரிபார்த்து எடுத்துக்கொள்ளலாம். பிலேயாமின் கழுதை ஒருமுறை பேசிற்று, பேசினதும் உண்மை. ஆனாலும் மறுநாள் முதல் அந்தக் கழுதையைத் தீர்க்கதரிசியாக யாரும் வைத்துக்கொள்ளவில்லையே!

அந்தத் தம்பி எடுத்த எசேக்கியேல் 37-க்கே போவோம். இருக்கிற வசனங்களே நமக்குப் போதும். பள்ளத்தாக்கில் எலும்போடு எலும்பு சேர்ந்தது, நரம்பு வந்தது, மாம்சம் வந்தது, தோல் மூடினது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவாசம் இல்லை. ஏ.ஐ. எழுதுகிற பிரசங்கம் அந்த இடத்தில் நிற்கிறது. மூன்று தலைப்பு உண்டு, உதாரணம் உண்டு, முடிவுரை உண்டு. ஆனால் போன செவ்வாய்க்கிழமை யார் வீட்டில் சாவு, யார் பிள்ளை பரீட்சையில் தவறினது, யார் கடனுக்குப் பயந்து கூட்டத்துக்கு வரவில்லை என்று அதற்குத் தெரியாது. முழங்காலில் நின்று, அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக் கண்ணீர் விட்டவனுடைய செய்தி திக்கித் திணறி வந்தாலும் ஜனம் அதை அறிந்துகொள்ளும்.

தேவ ஜனமே, நல்ல மேய்ப்பனுடைய ஆடுகள் அவர் சத்தத்தை அறிந்திருக்கும் என்று யோவான் 10-ல் பார்க்கிறோம். எப்படி அறியும்? தினமும் கேட்டுப் பழகினதினால். போலிக் குரல்கள் பெருகுகிற காலத்தில் நமக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அதிகாலையில் போனைத் தொடுமுன் வேதத்தைத் தொடுவோம். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளின் குரலையும், சபையில் ஒருவர் குரலை ஒருவரும், ஜெபத்தில் அவர் குரலையும் கேட்டுப் பழகுவோம். அப்போது அந்நியன் எந்த வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தாலும், நம் காது நமக்குச் சொல்லிவிடும். இந்த முறை காதை நம்புவோம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, மனிதருக்கு நீர் கொடுத்த ஞானத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். கண்களைக் காக்கிற, கற்றுக்கொடுக்கிற நல்ல கருவிகளுக்காக ஸ்தோத்திரம். வஞ்சிக்கிற குரல்களுக்கு எங்கள் தாய்மாரையும் முதியோரையும் விலக்கிக் காத்தருளும். இரவில் தனியே விழித்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு துணையைத் தாரும்; அந்தத் துணையாக எங்களையே எழுப்பும். வேலையை இழந்து கலங்குகிற வாலிபருக்கு வழியைத் திறந்தருளும். உம்முடைய சத்தத்தை அறிகிற காதை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.